சூட்டில் நீளும் பைப்புக்கு எந்த சப்போர்ட்? கிளிநொச்சிப் பக்கம் வாங்கிப் போட்டுப் பார்த்தவை

கிளிநொச்சி, பரந்தன், வவுனியா பக்கத்து அரிசி ஆலைகளில் நீராவி லைன் போடுவதும் திருத்துவதும் என் தொழில். அதற்கு முன் கட்டாரில் எரிவாயு ஆலை ஒன்றில் பைப் சப்போர்ட், அதாவது பைப்பைத் தாங்கிப் பிடிக்கும் கால், கிளாம்ப் வேலை பார்த்தவன். அங்கே ஒவ்வொரு சப்போர்ட்டுக்கும் ஓர் இலக்கம், ஒரு வரைபடம், போட்டு முடித்தபின் ஒரு கையொப்பம். இங்கே முதலாளிமார் பொயிலருக்குக் கோடிக்கணக்கு பார்ப்பார்கள், பைப்புக்குப் பேரம் பேசுவார்கள், சப்போர்ட் என்று வந்ததும் "அது ஹாட்வெயரில கிடக்கும்தானே தம்பி, பார்த்து வாங்கிப் போடும்" என்று முடித்துவிடுவார்கள். ஹாட்வெயரில் கிடக்கும்தான். எது எங்கே உதவும், எது வீண் செலவு என்பதுதான் இந்த விமர்சனம்.

நான் ஒப்பிடுவது பரந்தன் பக்கத்து ஆலை ஒன்றில் போட்ட லைனை வைத்து. உமியில் எரியும் பொயிலர் பின்பக்கக் கொட்டகையில், நெல் அவிக்கும் தாங்கிகள் முன்பக்கம். நடுவில் நேர் ஓட்டமாக 30 மீற்றர், 2 இஞ்சி கறுப்பு இரும்பு பைப், 7 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் நீராவி ஏறத்தாழ 170 பாகை செல்சியஸில் இருக்கும். காலையில் பொயிலரைப் பற்றவைக்கும்போது பைப் 30 பாகையில் கிடக்கும். ஆக 140 பாகை ஏற்றம். சாதாரண இரும்பு 100 பாகைக்கு ஒரு மீற்றருக்கு 1.2 மி.மீ. நீளும். இந்த லைனுக்குக் கணக்குப் போட்டால் 50 மி.மீ., இரண்டு இஞ்சி. தினமும் காலையில் இரண்டு இஞ்சி நீண்டு, இரவில் இரண்டு இஞ்சி சுருங்குகிற ஒன்றைத்தான் நாம் சுவரில் பிடித்து வைக்கப் பார்க்கிறோம்.

இரு முனையிலும் அசையவிடாமல் பிடித்தால் என்ன ஆகும்? கணக்கின்படி அந்த 2 இஞ்சி பைப் 20 தொன்னுக்கு மேல் தள்ளும். உண்மையில் அவ்வளவு போகாது, அதற்கு முன்னே பைப் வளைந்துவிடும், இல்லாவிட்டால் சுவர் விட்டுக்கொடுக்கும். நம் ஆலைகளில் பெரும்பாலும் சீமெந்துக் கல் சுவர். எது முதலில் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, பொருட்களுக்கு வருகிறேன்.

முதலில் யூ போல்ட், பைப்பின் மேலால் மாட்டும் ஆங்கில 'யூ' வடிவ போல்ட். ஏ9 வீதியோரம் எந்த ஹாட்வெயரிலும் கிடைக்கும், மலிவு, கையோடு வாங்கி வரலாம். ஆனால் ஒரு சங்கதி உண்டு. இங்குள்ள கடைகளில் யூ போல்ட் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் பி.வி.சி. பைப்புக்காக. பி.வி.சி.யில் 2 இஞ்சி என்றால் வெளி விட்டம் 63 மி.மீ. இரும்பு பைப்பில் 2 இஞ்சி என்றால் 60.3 மி.மீ. கடைக்காரர் "ரெண்டிஞ்சிதான் அண்ணை, எல்லாம் ஒண்டுதான்" என்று தருவதை இரும்பு பைப்பில் போட்டால் கொஞ்சம் லொட லொட என்று நிற்கும். நீராவி லைனுக்கு அந்த லொடலொடப்பு நல்லது! பைப் அதற்குள் வழுக்கி ஓடும், பக்கவாட்டில் மட்டும் விலகாது. கட்டாரில் இதே இடைவெளியை அளந்து வைப்போம், பக்கத்துக்கு ஒன்றரை முதல் மூன்று மி.மீ. வரை. இங்கே பி.வி.சி. புண்ணியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 4 இஞ்சிக்குப் போனால் கதை தலைகீழ்: பி.வி.சி. 110, இரும்பு 114.3. அந்த யூ போல்ட் இரும்பு பைப்பில் ஏறவே ஏறாது. ஏற்றிவிடலாம் என்று சுத்தியலால் அடித்துக் காலை விரித்த பெடியனையும் பார்த்திருக்கிறேன்.

யூ போல்ட் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது நட். பைப் உட்காரும் ஆங்கிளுக்கு (எல் வடிவ இரும்புக்கு) கீழே ஒன்றை மட்டும் போட்டு முறுக்கி இறுக்கினால் அது பைப்பைக் கடித்துப் பிடிக்கும், லைன் நகராது. ஒவ்வொரு காலிலும் ஆங்கிளுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு நட் போட்டு, பைப்புக்கு மேலே வெளிச்சம் தெரிகிற மாதிரி விட்டுப் பூட்ட வேண்டும். கடையில் யூ போல்ட்டோடு இரண்டு நட்தான் வரும். இன்னும் இரண்டு கேட்டு வாங்குங்கள், சில்லறைக் காசுதான். குறை என்றால், பைப் நேராக ஆங்கிளின் மேல் தேய்ந்துகொண்டு ஓடுவதால் அடிப்பக்கம் பெயின்ற் போய்விடும். லாகிங், அதாவது சூடு வெளியேறாமல் சுற்றும் உறை, போடவும் இடம் இருக்காது. 1 இஞ்சி, ஒன்றரை இஞ்சிக் கிளை லைன்களுக்கு யூ போல்ட் காணும். பிரதான லைனுக்கு வேண்டாம்.

அடுத்தது, உள்ளே றப்பர் வைத்த இரட்டைக் கிளாம்ப். வவுனியாவில் ஒரு கடையில் "சூட்டு பைப்புக்கு ஸ்பெஷல்" என்று சொல்லித்தான் விற்றார்கள். பார்க்க அழகாக இருக்கும், பளபளவென்று நாகம் (சிங்க்) பூசியது, திருகாணி இரண்டு பக்கமும். அந்த வகை றப்பர் 120, 130 பாகை வரை தாங்கும், அதற்கு மேல் வயதாகிவிடும். 170 பாகை லைனில் போட்டதும் முதலில் நாறியது. நெல் அவிக்கும் இடத்தில் அந்த நாற்றம் வந்தால் முதலாளிக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அறுவடை முடிவதற்குள் றப்பர் கருவாடு மாதிரி வெடித்து உதிர ஆரம்பித்தது. அதோடு இந்தக் கிளாம்ப் இறுக்கிப் பிடிக்கிற ரகம், பைப் நகர இடம் கொடுக்காது. பொருளில் பிழையில்லை, விற்றவர் சொன்னதில்தான் பிழை. நெல் ஊறவைக்கும் தண்ணீர் லைன் 70 பாகையைத் தாண்டாது. அங்கே இதைப் போட்டிருக்கிறேன், இன்றுவரை ஒரு குறையும் இல்லை, பம்ப் அதிர்வையும் அது வாங்கிக்கொள்கிறது.

கட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வன்னியில் பாலை மரம் தாராளம், பழைய ஆலைகளில் பைப்புக்கு அடியில் பாலைக் கட்டையைத்தான் வைத்திருப்பார்கள். முதிரையும் பார்த்திருக்கிறேன். "பாலைக்கு ஒண்டும் ஆகாது" என்று ஒரு பெரியவர் என்னோடு வாதாடினார். பைப்பைத் தூக்கிவிட்டுக் கட்டையை எடுத்துக் காட்டினேன். பைப் படிந்த பள்ளம் முழுக்கக் கரி, நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. மரம் உடனே பற்றாது. 100 பாகைக்கு மேல் மாதக்கணக்கில் சூடு படப்படக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகும், கரியான மரம் பிறகு குறைந்த சூட்டிலும் பற்றிக்கொள்ளும். சுற்றிவர உமித்தூள் பறக்கிற இடத்தில் இது தேவையா? எவ்வளவு வைரம் பாய்ந்த மரமாக இருந்தாலும் நீராவி லைனுக்கு வேண்டாம்.

இனி எனக்குப் பிடித்த சாமானுக்கு வருவோம்: பட்டறையில் செய்விக்கும் பைப் சப்பாத்து. பைப்பின் அடியில் ஒட்டும் 'ட' வடிவக் கால், தலைகீழாக நிற்கும் ஆங்கில 'டி' மாதிரியும் செய்யலாம். அதன் அடித்தகடு ஆங்கிளின் மேலோ சனலின் மேலோ சும்மா உட்கார்ந்திருக்கும். பைப் நீளும்போது சப்பாத்து வழுக்கிப் போகும். உயரம் 100 மி.மீ. வைத்தால் சுற்றிவர 50 மி.மீ. லாகிங் போட்டாலும் அடியில் இடைவெளி மிஞ்சும். நீளம் 300 மி.மீ. இது ஏன் என்றால், கடைசி சப்பாத்து இரண்டு இஞ்சி நகரும். நீளம் குறைந்தால் ஒருநாள் அடியிலுள்ள ஆங்கிளின் விளிம்பைத் தாண்டி விழும், இரவில் சுருங்கும்போது திரும்ப ஏறாமல் விளிம்பில் மாட்டிக்கொண்டு இழுக்கும். அதனால் குளிராக இருக்கும்போது சப்பாத்தை நடுவில் வைக்காமல், நகரப்போகும் தூரத்தில் பாதியளவு பின்தள்ளி வைப்பது வழக்கம். கடைசிக் காலில் 25 மி.மீ. பின்னே. மற்றக் கால்களில் தூரத்துக்கு ஏற்ப குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

நான் செய்விப்பது கிளிநொச்சியில் சந்தைக்குக் கிட்ட இருக்கும் ஒரு வெல்டிங் பட்டறையில். மாஸ்டருக்கு வயது அறுபதைத் தாண்டும். காகிதத்தில் கீறிக் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பைப்புக்குச் சப்பாத்தா, மாட்டுக்கு லாடமா?" என்றார். பிறகு ஒரு துண்டு 2 இஞ்சி பைப்பைத் தேடி எடுத்து, தகட்டில் வைத்து, சோக்கால் வளைவு கீறி, கிறைண்டரால் அந்த வளைவுக்கே தகட்டைச் சீவினார். பைப்பை அதில் வைத்தபோது வெளிச்சம் புகவில்லை. கட்டாரில் இயந்திரம் வெட்டிய தகடுகளில்கூட நான் அப்படிப் பொருத்தம் அடிக்கடி பார்த்ததில்லை. இப்படிப் பொருந்தினால் ஒட்டு மெல்லியதாகப் போதும், பைப் சுவரை எரித்து ஓட்டை போடும் அபாயம் குறைவு.

பட்டறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் தரமாட்டார்கள். அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரப் பெட்டி, அறுவடை இயந்திரக் கத்தி என்று வரிசை நிற்கும், நம் சப்பாத்து மூலையில் கிடக்கும். அடித்தகட்டின் விளிம்பில் பிசிறைத் தேய்க்காமல் தருவார்கள். அந்தப் பிசிறு அடியிலுள்ள ஆங்கிளில் கீறிக்கொண்டு போகும், லைன் நகரும்போது கிறீச் என்று கத்தும். வாங்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள், வெட்டினால் அங்கேயே கிறைண்டர் பிடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, நாகம் பூசிய சப்பாத்தைக் கொண்டுபோய்க் கறுப்பு பைப்பில் ஒட்டச் சொல்லாதீர்கள். நாகம் எரியும் வெள்ளைப் புகையை மூக்கில் வாங்கினால் இரவு காய்ச்சலும் குளிரும்தான். ஒட்டிய இடத்தில் பூச்சும் போய்விடும். கறுப்புத் தகட்டில் செய்து, ஒட்டி முடித்து, சூட்டைத் தாங்கும் அலுமினியப் பெயின்ற் அடிப்பதுதான் நேர்த்தி. கிளாம்பாகவே நாகப்பூச்சு வேண்டும் என்றால் 200 பாகை வரை நம்பலாம். நீராவிக்குச் சரி, சூட்டு எண்ணெய் ஓடும் உலர்த்தி லைன் அதற்கு மேலே போகும், அங்கே வேண்டாம்.

கொழும்பிலிருந்து வருகிற சாமான்களில் மூன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

டெஃப்லோன் வழுக்குத் தகடு முதலாவது. சப்பாத்துக்கு அடியில் ஒட்டுவது. இரும்பின் மேல் இரும்பு உரசினால் உராய்வு சுமார் 0.3, டெஃப்லோன் வைத்தால் 0.1. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் லைனில் பாரம் எவ்வளவு? 2 இஞ்சி பைப் மீற்றருக்கு 5.4 கிலோ. 3 மீற்றருக்கு ஒரு கால், லாகிங்கும் தகரமும் சேர்த்தால் ஒரு காலில் 25 கிலோ அளவு. அதில் உராய்வு 7, 8 கிலோ. ஒரு சின்னப் பெடியன் தள்ளும் பாரம். இதைக் குறைக்க டெஃப்லோனுக்குக் காசு கொடுப்பானேன்? 10 இஞ்சி, 12 இஞ்சி லைன் என்றால் நானே வாங்கச் சொல்வேன். அப்படி வாங்கினாலும் டெஃப்லோன் கீழே, துருப்பிடிக்காத இரும்புத் தகடு மேலே, மேலே இருப்பது எப்போதும் கீழே இருப்பதை மூடியிருக்கும் அளவுக்குப் பெரிதாக. மாறிப் போட்டால் உமிச்சாம்பல் டெஃப்லோனில் படிந்து அரத்தாள் மாதிரி வேலை செய்யும். 260 பாகைக்கு மேல் டெஃப்லோன் எங்கேயும் கூடாது.

றோலர் இரண்டாவது. வார்ப்பிரும்பு உருளையின் மேல் பைப் ஓடும். முதல் மாதம் பார்க்க ஆசையாக இருந்தது. பிறகு உமித்தூள், மாரி மழை ஈரம், ஆனையிறவுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று எல்லாம் சேர்ந்து அச்சைக் கட்டிப்போட்டுவிட்டன. உருளாத றோலர் வெறும் இரும்புக் கட்டி, அதுவும் பைப் ஒரு கோட்டில் மட்டும் படிகிற கட்டி. கிரீஸ் போட ஆள் வைத்திருக்கிற பெரிய ஆலைக்குச் சரிவரும். நம்மிடம் கிரீஸ் என்றால் உழவு இயந்திரத்துக்குத்தான்.

மூன்றாவது ஸ்பிறிங் ஹாங்கர், பைப்பை ஸ்பிறிங்கில் தொங்கவிடுவது. இதுதான் மூன்றிலும் விலை கூடியது, மூன்றிலும் அதிகம் தவறாகப் போடப்படுவதும் இதுவே. பொயிலர் சூடாகும்போது நீராவி வெளியேறும் அதன் வாயே நாலைந்து மி.மீ. மேலே எழும்பும். அதற்கு மேல் நிற்கும் பைப்பும் தன் பங்குக்கு நீளும். மொத்தம் ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்ட. முதல் கால் பொயிலருக்கு மிகக் கிட்ட இருந்தால் பைப் அந்தக் காலை விட்டு எழும்பிவிடும், பாரம் முழுவதும் பொயிலர் வாயில் தொங்கும். ஸ்பிறிங் இருந்தால் பைப்போடு தானும் எழும்பித் தாங்கிக்கொண்டே இருக்கும். அது உண்மை. ஆனால் 2 இஞ்சி பைப்புக்கு ஒரு சென்ரிமீற்றர் பெரிய விசயமில்லை. முதல் காலை, பைப் மேலே ஏறித் திரும்பும் மூலையிலிருந்து 2 மீற்றர் தள்ளி வைத்தாலே பைப் வளைந்து கொடுத்துவிடும். காசு மிச்சம். 6 இஞ்சிக்கு மேல் போகும் லைன், உயரமான பொயிலர் என்றால் வாங்குங்கள். வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்பிறிங் கடையிலிருந்து பூட்டு ஊசியோடு வரும். தண்ணீர் நிரப்பி அழுத்தம் சோதிக்கும்வரை அந்த ஊசி இருக்க வேண்டும், ஏனென்றால் அப்போது தண்ணீரின் பாரமும் சேரும். சோதனை முடிந்து பொயிலரைப் பற்றவைக்கும் முன் கழற்ற வேண்டும். வவுனியாப் பக்கம் ஓர் ஆலையில் புத்தம் புதிய ஸ்பிறிங்கைப் பார்த்தேன். பூட்டு ஊசி அப்படியே, அதன் மேல் சாம்பல் நிறப் பெயின்றும் அடித்து அழகாக விட்டிருந்தார்கள். அவ்வளவு காசு கொடுத்து வாங்கியது ஓர் இரும்புக் கம்பியின் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கல்சியம் சிலிக்கேற் கட்டை வைத்த சப்போர்ட்டும் விற்கிறார்கள், 650 பாகை வரை தாங்கும், சூடு கடத்தாது. அரிசி ஆலைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

எத்தனை கால் என்ற கேள்வியும் கடையில் வரும். எம்.எஸ்.எஸ். எஸ்.பி.-58 என்ற அமெரிக்கத் தரத்தின் அட்டவணையில் 2 இஞ்சி நீராவி லைனுக்கு 4 மீற்றர், தண்ணீர் லைனுக்கு 3 மீற்றர் என்று இருக்கும். நான் நீராவிக்கும் 3 மீற்றர்தான் வைப்பேன். அழுத்தச் சோதனையில் உள்ளே தண்ணீர்தான் இருக்கும் என்பது ஒரு காரணம். மற்றது, தூரம் கூடினால் பைப் நடுவில் தொய்யும். தொய்வில் நீராவி குளிர்ந்த தண்ணீர் தேங்கும், அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது அந்தத் தண்ணீரை நீராவி தூக்கி அடிக்கும். அந்த அடி வீட்டுக்காரரையும் எழுப்பும், யூ போல்ட்டையும் பிடுங்கும். லைன் நீராவி போகும் பக்கமாக 100க்கு 1 சரிய வேண்டும், அதாவது காலுக்குக் கால் 30 மி.மீ. இறக்கம். சப்பாத்துகள் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் செய்வித்து, சுவர்த் தாங்கியை இறக்கி இறக்கிப் பூட்டுங்கள். சப்பாத்துக்கு அடியில் தகட்டுத் துண்டு செருகி உயரம் சரிக்கட்டினால், லைன் ஓடும்போது துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பைப் எங்கோ ஓரிடத்தில் கெட்டியாக நிற்கவும் வேண்டும், அதை மறந்துவிடக்கூடாது. பரந்தன் லைனில் பொயிலர் பக்கம் ஒரு நங்கூரம் மட்டும் வைத்தோம், 8 மி.மீ. தகட்டில், கொங்கிறீற் தூணில் பூட்டி. கல் சுவரில் அல்ல. மற்றக் கால்கள் எல்லாம் வழுக்கும் சப்பாத்து, ஒன்றுவிட்டு ஒன்றில் பக்கவாட்டுத் தடுப்பு. மறுமுனையில் தாங்கிகள் பக்கம் பைப் 'ட' போலத் திரும்புகிறது. திரும்பிய பிறகு அடுத்த தடுப்பு வரை 4 மீற்றர் சும்மா விட்டோம், அந்த பைப் துண்டு வளைந்துகொடுத்து இரண்டு இஞ்சியையும் விழுங்கிக்கொள்கிறது. முதலாளி அந்த வெற்று இடத்தைப் பார்த்து "இதில ஒரு கிளாம்ப் போட்டா பார்வையா இருக்கும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதல்முறை பற்றவைக்கும் முன் எல்லாச் சப்பாத்தின் விளிம்பிலும் சோக்கால் கோடு போட்டு வைத்தோம். அழுத்தம் 7 பாருக்கு வந்தபின் போய்ப் பார்த்தால், நங்கூரத்துக்குக் கிட்ட உள்ளது அசையாத மாதிரி, கடைசிக் காலில் கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தது. நடுவில் ஒன்று மட்டும் நகரவில்லை, பக்கத் தடுப்பை வெல்டர் ஒட்டி இறுக்கியிருந்தார். அன்றே வெட்டி விட்டோம்.

இந்தப் பக்கம் 4 இஞ்சிக்குள் நீராவி லைன் போடுகிறவர்களுக்கு என் தெரிவு: பிரதான லைனுக்குப் பட்டறைச் சப்பாத்து, கிளைகளுக்கு இரட்டை நட்டோடு யூ போல்ட், தண்ணீர் லைனுக்கு றப்பர் கிளாம்ப். கொழும்பிலிருந்து எதுவும் இறக்க வேண்டாம். பட்டறைக்குப் போகும்போது 6 மி.மீ. தகடு என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால், மாஸ்டர் கையில் கிடக்கிற 4 மி.மீ. தகட்டில் செய்து வைத்திருப்பார், கேட்டால் "அது காணும் தம்பி" என்பார். முற்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், முழுதும் கொடுத்தால் உங்கள் சாமான் மூலையை விட்டு நகராது.